ஏழு சீட் எஸ்.யூ.வி.: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடுத்தர அளவு ஏழு சீட் எஸ்.யூ.வி. பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'எந்த மாடல் நல்லது?' என்றுதான் கேட்கின்றன. மாடலைத் தேர்வு செய்யும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவை தீர்ந்துவிட்டால் பட்டியலில் இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் மிஞ்சாது.

கேள்வி: நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் அப்பா அம்மா. ஆறு பேருக்கு ஏழு சீட் வண்டி தாராளம் என்று நினைக்கிறேன். மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் உட்கார முடியுமா? ஷோரூமில் எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள், வாரத்துக்கு எத்தனை தடவை? நடுத்தர எஸ்.யூ.வி.களில் பெரும்பாலானவை 4.6 முதல் 4.9 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்குள் எஞ்சின், மூன்று வரிசை, டிக்கி எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் நசுங்குவது எப்போதும் கடைசி வரிசைதான். பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். உயரமான பெரியவருக்கு அரை மணி நேரம் தாங்கும், நாலு மணி நேரம் தாங்காது.

ஷோரூமில் எல்லோரும் செய்கிற தவறு, பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்து 'இடம் இருக்கே' என்று திருப்திப்பட்டுவிடுவது. சரியான வரிசை இது. வீட்டிலேயே உயரமானவர் டிரைவர் சீட்டைத் தனக்கு ஏற்றபடி வைக்கட்டும். அதை அசைக்காமல் அடுத்தவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, முழங்காலுக்கு முன்னே நாலு விரல்கடை இடைவெளி இருக்கும்படி சீட்டை நகர்த்தட்டும். அதையும் அசைக்காமல் மூன்றாமவர் கடைசி வரிசைக்குப் போகட்டும். இரண்டாவது வரிசையை முழுக்க முன்னே தள்ளிவிட்டு, 'பாருங்க சார், கடைசியில் எவ்வளவு இடம்' என்று விற்பனையாளர் காட்டுவதில் அர்த்தமில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் முதலில் தொடையைப் பாருங்கள். தரையிலிருந்து சீட் மெத்தையின் உயரம் 30 செ.மீ.க்குக் கீழே இருந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே எழும்பி, தொடை மெத்தையில் படியாமல் நிற்கும். உடல் எடை முழுக்க வால் எலும்பில் இறங்கும். கால் நீட்ட இடம் இருக்கிறதா என்பதைவிட முக்கியமான அளவு இதுதான். ஆனால் எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. டேப் எடுத்துப் போங்கள். லேடர் ஃப்ரேம் (ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம்) மேல் கட்டிய வண்டிகளில் தரை உயரமாக இருப்பதால் இந்தக் குறை அதிகம். உடலும் சட்டமும் ஒன்றான மோனோகாக் வண்டிகளில் தரையைக் கொஞ்சம் தாழ்த்த முடிகிறது.

அடுத்து பாதம். இரண்டாவது வரிசை சீட்டுக்கு அடியில் ஷூ நுழைகிறதா? ஹைப்ரிட் வண்டிகளில் அங்கே பேட்டரி இருக்கலாம். பிறகு தலை. ஹெட்ரெஸ்ட்டை உயர்த்திவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவே மூன்று விரல்கூட இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் தலை இடிக்கும். பனோரமிக் சன்ரூஃப் உள்ள வேரியண்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அது இல்லாததை வாங்கினால் லாபம். மாற்றிச் செய்தால் நஷ்டம்.

இத்தனையும் தேறினாலும் ஏறி இறங்குவது தனிப் பரீட்சை. உங்கள் அப்பாவையே ஏறச் சொல்லுங்கள். உயரமான தரையில் கால் வைத்து, குனிந்து, சாய்ந்த சீட்டுக்கும் சக்கர வளைவுக்கும் நடுவே உடம்பைத் திருப்பி நுழைய வேண்டும். மூட்டு வலி உள்ளவரால் ஒரு தடவை முடியும், தினமும் முடியாது. உங்கள் வீட்டுக் கணக்குப்படி பிள்ளைகள் கடைசி வரிசை, பெரியவர்கள் நடு வரிசை. அதற்குப் பிள்ளைகள் நாலு வயது தாண்டி, பூஸ்டர் சீட்டில் (பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தும் சீட்) தாமாக பெல்ட் போட்டுக்கொள்கிற நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் தினமும் கடைசி வரிசையில் போகத்தான் வேண்டும் என்ற நிலைமை இருந்தால் எஸ்.யூ.வி. ஆசையை விட்டுவிட்டு எம்.பி.வி. (பல பேர் போவதற்கென்றே செய்த வேன் போன்ற கார்) பாருங்கள். தாழ்ந்த தரை, நகரும் கதவு, நிமிர்ந்த சீட். அதே நீளத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: ஏழு பேர் போகலாம் என்று ஆர்.சி.யிலேயே இருக்கிறது. அப்படியானால் ஏழு பேரும் பெட்டிகளும் கூரை மேல் கேரியரும் ஏற்றினால் என்ன தப்பு?

பதில்: சீட் எண்ணிக்கை வேறு, சுமக்கும் எடை வேறு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை போட்டிருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பளு.

உதாரணமாக மொத்த எடை 2,510 கிலோ, வெறும் எடை 1,890 கிலோ என்று வைப்போம். மிச்சம் 620. ஐந்து பெரியவர்கள் ஆளுக்கு 70 கிலோ என்றால் 350. இரண்டு பிள்ளைகள் 60. இரண்டு குழந்தை சீட் 20. ஆளுக்கு 12 கிலோ பெட்டி என்றால் 84. கூரைப் பெட்டியும் அதற்குள் இருப்பதும் 60. கூட்டினால் 574. இன்னும் 46 கிலோ கையில் இருக்கிறது. இதே வண்டியில் ஏழு பேரும் 75 கிலோ பெரியவர்கள் என்றால் ஆள் மட்டுமே 525, பெட்டிகளோடு 609. மிச்சம் 11 கிலோதான், கூரைப் பெட்டிக்கு அது போதாது.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, வெறும் எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அளக்கப்படுவதில்லை. ஐரோப்பிய முறையில் 75 கிலோ டிரைவரையும் 90 சதவீதம் நிரம்பிய டேங்கையும் சேர்த்தே சொல்வார்கள். வேறு முறைகளில் டிரைவர் சேர்த்தி இல்லை. இரண்டாவது, ஒரே மாடலில் மேல் வேரியண்ட் குறைவாகச் சுமக்கும். நாலு சக்கர டிரைவ், சன்ரூஃப், மின்சார சீட்டுகள், பெரிய சக்கரங்கள் எல்லாம் வண்டியின் சொந்த எடையைக் கூட்டுகின்றன. ஆனால் மொத்த எடை வரம்பு அதற்கேற்ப உயர வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலு சக்கர டிரைவ் மட்டுமே சுமார் 50 முதல் 80 கிலோ. ஒரு ஆள் இறங்க வேண்டியதுதான்.

மொத்த எடைக்கு முன்பே பின் ஆக்ஸில் (பின்சக்கரங்களின் அச்சு) வரம்பு தாண்டிவிடக்கூடும் என்பதையும் கவனியுங்கள். மூன்றாவது வரிசை ஏறக்குறைய பின் ஆக்ஸிலுக்கு மேலேயே இருக்கிறது, டிக்கி அதற்கும் பின்னால். டிரெய்லர் இழுத்தால் இன்னும் மோசம். வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2.8 மீட்டர், ஆக்ஸிலிலிருந்து கொக்கி 1.1 மீட்டர் பின்னால் என்றால், கொக்கியில் இறங்கும் 80 கிலோ பின் ஆக்ஸிலில் 111 கிலோவாக விழும். கூடுதலான 31 கிலோ முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்பட்டது. அதனால்தான் பளு ஏறியதும் ஸ்டீயரிங் லேசாகிப் போகிறது, ஹெட்லைட் எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கிறது. லைட்டைத் தாழ்த்தும் சிறு சக்கரம் டாஷ்போர்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். 0 என்பது காலி வண்டிக்கு.

டயர் காற்றும் பளுவுக்கு ஏற்ப மாற வேண்டும். அதே ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இரண்டு அளவுகள் இருந்தால், முழுப் பளு என்று போட்டிருப்பதை டயர் சூடாகும் முன் நிரப்புங்கள். கூரைக்குத் தனி வரம்பு உண்டு. பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ, அதில் கேரியர் கம்பியின் எடையும் சேர்த்தி.

கேள்வி: டிக்கி எத்தனை லிட்டர் இருந்தால் போதும்?

பதில்: லிட்டர் கணக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில நிறுவனங்கள் ஜன்னல் விளிம்புவரை அளக்கின்றன, சில கூரைவரை. தரைக்கு அடியில் உள்ள குழியையும் சேர்ப்பவர்கள் உண்டு. ஏழு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது கடைசி சீட்டின் முதுகுக்கும் மூடிய டிக்கிக் கதவுக்கும் நடுவே தரையில் எத்தனை செ.மீ. என்று அளந்து பாருங்கள். விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் 55 x 40 x 20 செ.மீ. பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்தி வைத்துக் கதவை மூடிப் பார்ப்பது இன்னும் நல்லது. கண்ணாடி சாய்வாக இருக்கும் வண்டிகளில் கீழே இடம் இருக்கும், மேலே இடிக்கும். ஏழு பேரின் பெட்டிகள் உள்ளே அடங்கும் நடுத்தர எஸ்.யூ.வி. அபூர்வம்.

கேள்வி: இரண்டு குழந்தைகளுக்கு ஐசோஃபிக்ஸ் சீட், மூத்தவனுக்குப் பூஸ்டர். நடு வரிசையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. ஐ-சைஸ் என்ற ஐரோப்பிய விதிப்படி செய்த குழந்தை சீட் ஒன்று 44 செ.மீ. அகலம்வரை இருக்கலாம். மூன்று என்றால் 132. நடு வரிசையின் அகலம் ஏறக்குறைய அவ்வளவு இருந்தாலும், குழந்தை சீட்டைப் பூட்ட வண்டியிலேயே பொருத்தியிருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நகராது. இரண்டு ஓரங்களிலும் கொக்கிகள் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் நடுவில் பூஸ்டர் உட்காரும் இடம் குறுகி, பெல்ட் பூட்டு அதன் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஏழு வயதுப் பிள்ளை தானாக பெல்ட் பூட்ட முடியாது. நடு வரிசையில் மூன்று தனித்தனி சீட் உள்ள வண்டி கிடைத்தால் வாய்ப்பு உண்டு. வால்வோ எக்ஸ்.சி.90 ஒரு உதாரணம், ஆனால் அது விலையிலும் அளவிலும் ஒரு படி மேலே.

இதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் இருக்கிறது. நடு வரிசையில் குழந்தை சீட்டை மாட்டிவிட்டால் அந்தப் பக்கச் சீட்டை மடிக்க முடியாது, கடைசி வரிசைக்கு வழி அடைபட்டுவிடும். 60:40 எனப் பிரிந்து மடியும் நடு வரிசையில் சிறிய பகுதி எந்தப் பக்கம் என்று பாருங்கள். நடைபாதைப் பக்கம் ஏறும் வழியாகக் காலியாக இருக்க வேண்டும், குழந்தை சீட்டுகள் சாலைப் பக்கமும் நடுவிலும் போக வேண்டும். நடுவில் ஐசோஃபிக்ஸ் இல்லாவிட்டால் பெல்ட்டால் கட்டும் சீட் தேவைப்படும். நிஸான் பாத்ஃபைண்டர் போன்ற சில வண்டிகளில் குழந்தை சீட் மாட்டியபடியே, குழந்தை இல்லாதபோது, நடு சீட்டை முன்னே சாய்த்து வழிவிடலாம். இந்த வசதி உங்கள் குடும்பத்துக்குச் சன்ரூஃபைவிடப் பத்து மடங்கு உபயோகம்.

கடைசி வரிசையில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் இல்லை. பூஸ்டருக்கு அது தேவையில்லை, மூன்று முனை பெல்ட் போதும். அதனால் மூத்தவன் கடைசி வரிசைக்குப் போவதுதான் வழி. பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை சீட்டை வாங்கும் முன் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அது நிறைய நீளம் எடுத்துக்கொள்ளும், முன்சீட்டில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டைத் தொடும்.

கேள்வி: நடுவில் பெஞ்சா, இரண்டு கேப்டன் சீட்டா?

பதில்: கேப்டன் சீட் (நடுவே வழிவிட்ட இரண்டு தனிச் சீட்) என்றால் ஆறு பேர்தான். நடுவழி இருப்பதால் குழந்தை சீட் மாட்டியிருந்தாலும் கடைசி வரிசைக்குப் போகலாம், அது பெரிய சௌகரியம். ஆனால் சீட்டுகளை மடித்தால் நடுவே பள்ளம் விழும், நீளமான சாமான் சமமாக உட்காராது. மாதம் ஒரு தடவைகூட ஏழாவது ஆள் வரமாட்டார் என்றால் கேப்டன் சீட்.

கேள்வி: தினமும் பள்ளி, கடை என்று 5 கிலோமீட்டருக்குள் ஓட்டம். வருடத்தில் மூன்று நாலு நீண்ட பயணம். டீசலா, பெட்ரோலா, ஹைப்ரிடா? கியர்பாக்ஸ் எது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். இழுவை நன்றாக இருக்கும், முழுப் பளுவோடு மலை ஏறும்போது அதன் அருமை தெரியும், எல்லாம் உண்மை. ஆனால் நவீன டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. அது நிரம்பியதும் சுமார் 600 டிகிரி சூட்டில் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வர, எஞ்சின் முழுக்கச் சூடாகி, ஓரளவு சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். 5 கிலோமீட்டரில் எஞ்சினே சூடாகாது. எரிப்பு தொடங்கி பாதியில் நின்றுபோகும்போது, அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறது என்றால் இதுதான் காரணம். அதைப் பார்த்து 'ஆயில் நிறைய இருக்கு' என்று சந்தோஷப்படக் கூடாது, உடனே மாற்ற வேண்டும். நீர்த்த ஆயிலில் பேரிங்கும் டர்போவும் தேயும்.

பிளக் இல்லாத, அதாவது வெளியே சார்ஜ் போட வேண்டாத, முழு ஹைப்ரிட்தான் உங்களுக்கு முதல் தேர்வு. நின்று நின்று போகும் ஓட்டத்தில் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. டொயோட்டா முறை ஹைப்ரிட்டில் தேயும் க்ளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் தனியாக இல்லை. ஒரு விஷயம் மட்டும்: பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஜாலி பல வண்டிகளில் பின்சீட்டுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கும். அதன் மேல் பையைச் சாய்த்து வைப்பதும், பிஸ்கட் தூளும் நாய் முடியும் அடைப்பதும்தான் பேட்டரியைச் சூடாக்கும். அதன் வடிகட்டியை ஆயில் சர்வீஸோடு சேர்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பிளக்-இன் ஹைப்ரிட் யோசித்தால் முதலில் சீட்டை எண்ணுங்கள். பெரிய பேட்டரி வைக்க இடம் தேடும்போது பலியாவது மூன்றாவது வரிசை. ஸ்கோடா கோடியாக்கின் பிளக்-இன் ஹைப்ரிட் ஐந்து சீட்டோடு மட்டுமே வருகிறது. வால்வோ எக்ஸ்.சி.90 பேட்டரியை நடுச் சுரங்கத்தில் வைத்து ஏழையும் காப்பாற்றியது.

ஹைப்ரிட் கிடைக்காவிட்டால் டர்போ பெட்ரோல். நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சினில் பெட்ரோல் உள்வால்வைக் கழுவாது. அதனால் ஆயில் ஆவி வால்வில் கரியாகப் படியும், குறுகிய ஓட்டத்தில் சீக்கிரம் படியும். வருடம் ஒரு முறைக்கும் குறையாமல் ஆயில் மாற்றுங்கள், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும்.

கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (க்ளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்துவது) எந்தப் பளுவுக்கும் பயமில்லாதது. உலர் க்ளட்ச் கொண்ட இரட்டைக் க்ளட்ச் பெட்டி, ஏழு பேரோடு சரிவில் நத்தை வேகத்தில் ஊரும்போது சூடாகி எச்சரிக்கை காட்டும். ஏனென்றால் அப்போது க்ளட்ச் முழுக்கப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திவைப்பது அதற்கு விஷம். பிரேக்கில் நிறுத்துங்கள், முன்னே இடம் விட்டு ஒரே மூச்சாக நகருங்கள். எண்ணெயில் மூழ்கிய க்ளட்ச் என்றால் தாங்கும். இறக்கத்தில் எந்தப் பெட்டியானாலும் கீழ் கியர். டொயோட்டா ஹைப்ரிட்டில் 'பி' என்ற நிலை அதற்குத்தான் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் அது மேற்கொண்டு சக்தியை வாங்காது, எஞ்சின்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: மேல் வேரியண்டில் 20 இன்ச் சக்கரமும் நாலு சக்கர டிரைவும் வருகிறது. வாங்கலாமா?

பதில்: 235/60 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 141 மி.மீ. 255/45 ஆர்20 டயரில் அது 115 மி.மீ. வெளிவிட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 74 செ.மீ. அருகில். ஆக, குழியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் 26 மி.மீ. போய் அந்த இடத்தில் அலாய் வந்திருக்கிறது. அதன் அடி முதலில் தெரிவது பின் ஆக்ஸிலுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைக்கு. 18 இன்ச் வாங்குங்கள். பிற்பாடு டயர் மாற்றும்போது பக்கச்சுவரில் அளவுக்குப் பின் வரும் எண்ணைக் குறையவிடாதீர்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 103 என்றால் 875 கிலோ தாங்கும்.

நாலு சக்கர டிரைவ், பனி, சேறு, வழுக்கும் ஏற்றம், படகு இழுப்பது என்று காரணம் இருந்தால் மட்டும். அது பிரேக் தூரத்தைக் குறைக்காது. இந்த வகை வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்குச் சக்தி அனுப்புவது எண்ணெயில் ஓடும் பலதட்டுக் க்ளட்ச். அந்த எண்ணெயையும் காலம் பார்த்து மாற்ற வேண்டும். ஒரே ஒரு டயர் கிழிந்தாலும் மற்ற மூன்றின் தேய்மானத்தோடு பொருந்தும் டயர்தான் போட வேண்டும். விட்டம் வேறுபட்டால் அந்தக் க்ளட்ச் ஓயாமல் உரசும்.

கேள்வி: கடைசி வரிசையில் ஏ.சி. துளை இருக்கிறது, காற்றும் வருகிறது, குளிரவே இல்லை. ரிப்பேரா?

பதில்: ரிப்பேராக இல்லாமலும் இருக்கலாம். பின்பக்க ஏ.சி. இரண்டு வகை. ஒன்றில் பின்னால் தனி எவாப்பரேட்டரும் (காற்றைக் குளிரவைக்கும் பகுதி) ஊதுவிசிறியும் இருக்கும், அது உண்மையிலேயே குளிர்ந்த காற்று. மற்றதில் விசிறி மட்டும். கேபினில் இருக்கும் காற்றையே எடுத்து ஊதும். முன்பக்கம் குளிர்ந்த பிறகுதான் அங்கே குளிர் போகும். வாங்கும் முன் கண்டுபிடிக்க: வண்டியை வெயிலில் நிறுத்தி ஏ.சி. போட்டு ஐந்து நிமிடத்தில் முன் துளையிலும் கடைசித் துளையிலும் சிறு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். தனி எவாப்பரேட்டர் இருந்தால் வித்தியாசம் சில டிகிரிதான். பானட்டின் உள்ளே ஏ.சி. ஸ்டிக்கரில் கேஸ் எத்தனை கிராம் என்று இருக்கும். ஒரே மாடலின் ஐந்து சீட் வண்டியைவிட ஏழு சீட்டில் கணிசமாக அதிகமாக இருந்தால் பின்னால் தனி எவாப்பரேட்டர் உண்டு.

அப்படித் தனி ஏ.சி. உள்ள வண்டியில் முன்பு குளிர்ந்து இப்போது இல்லை என்றால், பின்சக்கர வளைவு அருகே வண்டிக்கு அடியில் ஓடும் அலுமினியக் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லும் சேறும் உப்பும் பட்டு அங்கேதான் துளை விழும். எண்ணெய்க் கறை படிந்திருந்தால் அதுவே கசிவு. கேஸ் மட்டும் நிரப்பி அனுப்புகிறவரிடம் மறுபடி போகாதீர்கள்.

கேள்வி: ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்றால் கடைசி வரிசையும் பத்திரம்தானே?

பதில்: அந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வரிசைகளைப் பற்றியவை. ஐரோப்பாவில் வண்டிகளை மோதிச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப், மோதலில் 6 வயது, 10 வயதுக் குழந்தை பொம்மைகளை இரண்டாவது வரிசையில் வைக்கிறது. அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சோதனை அமைப்பு 2022 முதல் முன்மோதல் சோதனை ஒன்றில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையிலும் ஒரு சிறிய பொம்மையை உட்காரவைக்கிறது. கடைசி வரிசையில் பொம்மை வைப்பது வழக்கம் இல்லை. எனவே நீங்களே பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசை ஜன்னல்வரை வருகிறதா என்று கையேட்டுப் படத்தில் பாருங்கள். ஜன்னலுக்கு மேல் தூணில் 'ஏர்பேக்' என்ற முத்திரையும் இருக்கும். கடைசி வரிசை ஹெட்ரெஸ்ட் காதின் மேல்விளிம்புவரையாவது உயர வேண்டும். பெல்ட் போடாவிட்டால் கடைசி வரிசைக்கும் எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று கேளுங்கள். சோதித்த வருடத்தையும் பாருங்கள். விதிகள் சில வருடங்களுக்கு ஒரு முறை கடுமையாகின்றன, பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல.

டிக்கியில் பெட்டிகளைக் கடைசி சீட்டின் முதுகுக்கு மேலே அடுக்காதீர்கள். பிரேக் பிடித்தால் அவை போய் விழுவது பிள்ளைகளின் பின்மண்டையில்.

கேள்வி: ஆறு வருடம் ஓடிய ஏழு சீட் எஸ்.யூ.வி. பார்த்திருக்கிறேன். எஞ்சினை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஏழு சீட் வண்டிக்கு என்று தனியாக எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். எல்லா சீட்டையும் மடித்து நிமிர்த்துங்கள், ஒவ்வொன்றும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு முதுகைப் பிடித்து உலுக்குங்கள். ஆடினால் பூட்டுக் கொக்கி தேய்ந்திருக்கிறது அல்லது தண்டவாளத்தில் நாணயமோ பொம்மையோ சிக்கியிருக்கிறது. கடைசி வரிசை பெல்ட்டுகளை முழு நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் இருந்தவை பாதியில் நின்றுவிடும்.

டிக்கித் தரை விரிப்பைத் தூக்கி, ஓரங்களில் விரலை விட்டு ஈரம் பாருங்கள். பின்விளக்கு ரப்பர், சன்ரூஃப் வடிகுழாய், டிக்கிக் கதவு ரப்பர் மூன்றில் ஏதாவது ஒன்று கசிந்தாலும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். பல வண்டிகளில் அந்தப் பள்ளத்தில்தான் கண்ட்ரோல் பெட்டிகளும் ஒயர் இணைப்புகளும் இருக்கும். பூஞ்சை வாடையை மறைக்க வாசனை டப்பா தொங்கினால் கூடுதல் சந்தேகம் நல்லது.

மூன்றாவது வரிசை இருப்பதால் ஸ்டெப்னி பெரும்பாலும் வண்டிக்கு அடியில் கம்பிக்கயிற்றில் தொங்கும். அதைக் கண்டிப்பாக இறக்கிப் பாருங்கள். சுற்றும் இயந்திரம் துருப்பிடித்து இறுகியிருந்தால் பஞ்சர் ஆகும் ராத்திரியில்தான் தெரியவரும். இறக்கிய டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஓடாத டயருக்கும் வயது ஆகும்.

பின் சஸ்பென்ஷனில் ஒரு நுணுக்கம். சில ஏழு சீட் வண்டிகளில் நிவோமாட் என்ற, தானே உயரத்தைச் சரிசெய்யும் ஷாக் அப்ஸார்பர் வரும். பளு ஏற்றியதும் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும், கொஞ்ச தூரம் ஓடியதும் அந்த அசைவிலேயே தன்னைத் தானே பம்ப் செய்து எழும்பிவிடும். ஓடிய பிறகும் எழும்பவில்லையென்றால் அது போய்விட்டது. விலை அதிகம் என்பதால் பழைய உரிமையாளர் சாதா ஷாக் போட்டிருக்கக்கூடும். நிவோமாட்டுக்கு வரும் ஸ்பிரிங் மெலிதானது. அதோடு சாதா ஷாக் சேர்ந்தால் நாலு பேர் ஏறியதும் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும், பள்ளத்தில் தடுப்பு ரப்பரில் இடிக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக, எழுத்தும் எண்ணுமாக 17 இலக்கம் கொண்ட வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் ரீகால் (குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைப்பது) தேடலில் போட்டுப் பாருங்கள். ஏர்பேக், எரிபொருள் பம்ப், சீட் பூட்டு சம்பந்தமான ரீகால் பாக்கி இருந்தால் இலவசமாக முடித்துக் கொடுத்த பிறகே பணம்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் விற்பனையாளரும் நானும் மட்டும்தான் போகிறோம். அது போதுமா?

பதில்: போதாது. குடும்பம் முழுவதையும் கூட்டிப்போய் எல்லா சீட்டையும் நிரப்பி, ஒரு ஏற்றம், ஒரு வேகத்தடை, ஒரு கடுமையான பிரேக், வீட்டுப் பார்க்கிங். இவ்வளவும் அரை மணியில் முடியும். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். 2.5 டன்னை நெருங்கும் வண்டியில் சிறிய எஞ்சினின் உண்மை அப்போது தெரியும். வேகத்தடையில் பின்னால் இருப்பவர்களிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. பின்பார்வைக் கண்ணாடியில் ஹெட்ரெஸ்ட்டுகள் தவிர வேறு ஏதாவது தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடைசி வரிசையை எப்போதும் மடித்தே வைத்திருக்கிறோம். அதனால் கெடுமா?

பதில்: மெத்தையில் மடிப்பு விழும், பூட்டுகள் இறுகும், ஓரத்தில் பெல்ட் சிக்கி நசுங்கும். மாதம் ஒரு முறை நிமிர்த்தி, பெல்ட்டை முழுதாக இழுத்துவிட்டு, தண்டவாளத்தை வேக்யூம் செய்து மறுபடி மடியுங்கள். மடிக்கும்போது பெல்ட் அதற்குரிய கிளிப்பில் மாட்டியிருக்கட்டும். பூட்டில் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும்; வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் போதும்.